ஓரடிச் சதுரம்

காலை ஆறே கால்.
வரம்பில் செருப்பைக் கழற்றிவிட்டு
கம்பிச் சதுரத்தைத் தோளில் மாட்டுகிறேன்.
பழைய வேலிக் கம்பி, ஓரடிக்கு ஓரடி.
வவுனிக்குளத்துத் தண்ணீர் கணுக்கால் மட்டும்.
ஆட்டக்காரிக்கு இன்று அறுபத்திரண்டு நாள்,
குடலை தள்ளுகிற நேரம்.

எறிகிறேன்.
விழுந்த இடம்தான் இடம்.
நல்ல இடமாய்ப் பார்த்து வைக்கக்கூடாது,
கெட்ட இடமாய்ப் பார்த்தும்.
குனிந்து, தாளைச் சரித்துப் பிடித்து
தண்ணீருக்கு மேல் மூன்று தட்டு.

அறக்கொட்டி நாலு.
அதில் ஒன்று குஞ்சு,
இன்னும் கபிலம் ஏறாத வெள்ளை.
சிலந்தி இரண்டு.
மூன்றாவது தண்ணீரில் ஓடி மறைந்தது;
அதை அரை என்று எழுதினேன்.

இதற்கு முன் எனக்கு வேறு சதுரம்.
ஏழு வருடம் இதே குனிவு.
சிவப்புத் தடி, வெள்ளைத் தடி,
இடையில் நானும் ஒரு மீற்றர் மண்ணும்.
முகத்துக்கு முன்னால் தகடு,
தகட்டில் என் மூச்சு.
அங்கே ஒன்று என்றாலே எல்லோரும் நிற்க வேண்டும்.
இங்கே நாலு என்றால் நடக்கலாம்.
இதைப் பழக எனக்கு இரண்டு போகம் பிடித்தது.

முதல் போகம், ஒன்றைக் கண்டதும்
மல்லாவிக்கு ஓடினேன்.
கடையில் என்ன பூச்சி என்று கேட்கவில்லை,
எத்தனை ஏக்கர் என்று கேட்டார்கள்.
நீலப் போத்தல்.
மூன்றாம் நாள் வயல் அமைதி:
தும்பி இல்லை, சிலந்தி இல்லை,
தவளைகூட வாயை மூடிக்கொண்டது.
பன்னிரண்டாம் நாள்
அறக்கொட்டி மட்டும் திரும்பி வந்தது,
வாசலில் யாரும் இல்லாத வீட்டுக்கு.

பக்கத்து வயல் சத்தியரூபன் அண்ணை
யூரியாவை ஒரு கை கூடவே எறிகிறவர்.
கரும்பச்சை, பார்த்தால் கண் குளிரும்.
முதுகில் டாங்கியோடு வரம்பில் நின்று சொன்னார்:
"பிள்ளை, நீ எண்ணி முடிய நெல்லு இராது."
நான் பதினொன்றாவது எறியில் இருந்தேன்.
பதில் சொன்னால் கணக்கு விட்டுப்போகும்.

பதினேழாவது,
மருத மரத்து நிழல் விழுகிற மூலை.
தட்டமுன்னமே தாளடி கறுத்துக் கிடந்தது.
நாற்பத்தொன்று வரை எண்ணி
பிறகு 'மேல்' என்று எழுதினேன்.
கால் தானாக நின்றுவிட்டது.
கை தானாக உயர்ந்தது.
விசில் இல்லை, யாரும் ஓடிவரவில்லை.
ஒரு கொக்கு மட்டும் என்னைப் பார்த்து
ஓரடி தள்ளி நின்றது.

வரம்பை வெட்டித் தண்ணீரை இறக்கினேன்.
தடியால் நெல்லை இருபக்கமும் விலக்கி
ஆறடிக்கு ஒரு ஓடை,
வெயில் அடிவரை போகட்டும் என்று.
மருந்து அந்த மூலைக்கு மட்டும்,
தாளடிக்கு மட்டும், அரை டாங்கி.
மீதி வயலில் கை வைக்கவில்லை.
அங்கே சிலந்தி வேலை செய்கிறது,
என்னிடம் சம்பளம் கேட்காமல்.

மூலை தப்பவில்லை.
ஒரு பாய் விரிக்கிற அளவு வட்டமாய் எரிந்து
வைக்கோல் நிறமானது.
அன்றிரவு சரியாய் நித்திரை இல்லை,
விடிய முதல் ரோச் லைற்றோடு போய்
வட்டத்தின் விளிம்பைக் காலால் அளந்தேன்.
பெருக்கவில்லை.
அண்ணையின் வயலில் எத்தனை பாய் என்று
நான் எண்ணவில்லை. என் வயல் இல்லை.

நாலாம் நாள் அவரே வந்தார்.
"உந்தச் சதுரம் எவ்வளவு?"
"ஓரடி."
"விலையைக் கேட்டனான்."
"வேலிக் கம்பி அண்ணை."
சிரித்தாரா தெரியாது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினார்.

நடு வயலில் ஆறு தடி நட்டிருக்கிறேன்,
பறவை குந்த.
வேலையை விட்டு வந்தபோது கொண்டுவந்தவை,
தலையில் சிவப்பு இன்னும் போகவில்லை.
ஒன்றில் கரிக்குருவி.
இறங்குகிறது, எதையோ கொத்துகிறது,
திரும்பவும் சிவப்பில் வந்து குந்துகிறது.
புழுவா, தும்பியா?
இந்தத் தூரத்தில் தெரியவில்லை.
கொப்பியில் குருவிக்கென்று ஒரு நிரல் கீறி
வெறுமையாய் விட்டிருக்கிறேன்.